லாரி ஓடும் மண்ணில் ஜியோகிரிட்: சேலத்து யார்டுக்கும் ஏற்காட்டு ரோட்டுக்கும் தேர்வு, விரிப்பு, சோதனை

ஜவ்வரிசி ஆலை யார்டு, கிரஷருக்குப் போகும் மண்பாதை, சேர்வராயன் மலையில் எஸ்டேட்டுக்குள் ஏறும் ரோடு, மூன்றிலும் புகார் ஒன்றுதான். ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டி ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் சக்கரத் தடத்தில் பள்ளம் விழுகிறது. மறுபடி ஜல்லி கொட்டினால் அதுவும் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. இதற்கு ஜியோகிரிட், அதாவது ஜல்லிக்கு அடியில் விரிக்கும் பாலிமர் வலை, நல்ல மருந்து. ஆனால் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "பிளாஸ்டிக் வலைதானே, எத்தனை லட்சம் சக்கரத்தைத் தாங்கும்?" என்பது. நன்றாக விரித்து நல்ல ஜல்லியால் மூடிய கிரிட், சக்கரம் ஓடி ஓடியே அறுந்துபோவது அரிது. பெரும்பாலும் அது அடிபடுவது விரிக்கிற அன்றைக்கு: புல்டோசர் செயின் ஏறி, நெளிவோடு புதைந்து, ஜல்லிக்குப் பதில் டஸ்ட் (கிரஷர் கல்தூள்) கொட்டப்பட்டு. அதனால் இந்தக் குறிப்பில் விரிப்புக்குத்தான் அதிக இடம்.

சுமை வந்து போவது வேறு, வந்து உட்காருவது வேறு

கிரிட் துண்டு ஒன்றைச் சோதனை எந்திரத்தில் பிடித்து, அறுபடும் பலத்தில் கால் பங்கு அளவுக்கு இழுத்து விட்டால், அது முழுதாகப் பழைய நீளத்துக்குத் திரும்பாது. கொஞ்சம் நீண்டே நிற்கும். இரண்டாம் முறை இழுக்கும்போது கூடும் நீளம் முதல் முறையைவிடக் குறைவு. பத்தாம் முறை இன்னும் குறைவு. கூடவே அது முன்பைவிட விறைப்பாகவும் நடந்துகொள்ளும். அதன் மேல் இருக்கும் ஜல்லியும் அப்படித்தான். முதல் சில ஆயிரம் சக்கரத்தில் கற்கள் இடம் மாறி, ஒன்றை ஒன்று கவ்வி, பிறகு அடங்கிவிடும். சுமை ஓர் எல்லைக்குள் இருந்தால் இரண்டும் சேர்ந்து நிலைபெறும். எல்லை தாண்டினால் ஒவ்வொரு சக்கரமும் அதே அளவு பள்ளத்தைக் கூட்டிக்கொண்டே போகும், அடங்கவே அடங்காது.

சுமை போகாமல் உட்கார்ந்துவிட்டால் கதை வேறு. பாலிமர் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். இதைத்தான் க்ரீப் என்கிறோம். பாலிப்ரொப்பிலீனின் மூலக்கூறுகள் 0 டிகிரி அருகிலேயே அசையத் தொடங்கிவிடும். ஹெச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) என்றால் அது பூஜ்யத்துக்கும் வெகு கீழே. பாலியஸ்டருக்கோ 70, 80 டிகிரி வேண்டும். மண்ணுக்குள் 25, 30 டிகிரியில் இருக்கும்போது பாலியஸ்டர் இறுகிக் கிடக்கிறது, மற்ற இரண்டும் தளர்ந்து நீள்கின்றன. இதனால்தான் தடுப்புச்சுவர் வடிவமைப்பில் க்ரீப்புக்காகப் பலத்தை வகுக்கும் எண் பாலியஸ்டருக்கு 1.6 முதல் 2.5 வரை, ஹெச்டிபிஇ-க்கு 2.6 முதல் 5 வரை, பாலிப்ரொப்பிலீனுக்கு 4 முதல் 5 வரை போகிறது.

மீட்டருக்கு 80 கிலோநியூட்டன் பலம் என்று விற்கப்படும் இரண்டு கிரிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விரிக்கும்போது ஏற்படும் காயத்துக்கு 1.2, நாள்பட்ட சிதைவுக்கு 1.15 வைத்தால், பாலியஸ்டர் 80 ÷ (1.6 × 1.2 × 1.15), அதாவது சுமார் 36 தரும். பாலிப்ரொப்பிலீன் க்ரீப்புக்கு 4.5 வைத்தால் 13-க்குக் கீழ் வந்து நிற்கும். லேபிளில் இரண்டும் 80-தான்.

ஆனால் ஓடும் லாரியின் சக்கரம் ஒரு புள்ளியைக் கடக்க நொடியில் ஒரு சிறு பங்கு நேரம்தான் ஆகிறது. பிறகு அடுத்த வண்டி வரும்வரை கிரிட்டுக்கு ஓய்வு. அதனால் ரோட்டுக்கு அடியில் பாலிப்ரொப்பிலீன் நன்றாக வேலை செய்கிறது; சுவருக்கு அதே பொருள் மோசமான தேர்வு. இரண்டுக்கும் நடுவே நிற்கிற இடம் யார்டு. லோடு ஏற்றிய லாரி இரவு முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் பகுதியில், கிரிட் இருக்கிறது என்ற தைரியத்தில் ஜல்லி கனத்தைக் குறைக்காதீர்கள். ஓடும் பாதைக்குக் குறைக்கலாம், நிற்கும் இடத்துக்குக் கூடாது.

சக்கரத்தை எண்ணுவது

வண்டியை எண்ணினால் போதாது, அச்சின் சுமையைப் பார்க்க வேண்டும். இந்திய சாலை காங்கிரஸின் (ஐஆர்சி) ரோடு வடிவமைப்பு வழிகாட்டியான ஐஆர்சி:37 கணக்கில், இரட்டைச் சக்கரம் பூட்டிய ஒற்றை அச்சுக்கு 80 கிலோநியூட்டன், அதாவது 8.16 டன், ஓர் அலகு. சேதம் சுமையின் நான்காம் அடுக்காக ஏறும். பின் அச்சில் 10.2 டன் வந்தால் 2.4 அலகு. இதே அச்சில் 13 டன் ஏற்றினால் 6.4 அலகு. சுமை கால் பங்குக்குச் சற்றே அதிகமாகக் கூடியது. சேதம் இரண்டரை மடங்குக்கு மேல் போய்விட்டது. முன் அச்சுக்கு 65 கிலோநியூட்டன் அளவு. 6 டன் முன் அச்சு ஏறக்குறைய 0.7 அலகு.

நாளுக்கு 40 லோடு லாரி வரும் யார்டு வாசல் என்றால் ஒரு லாரிக்கு 3.1 வீதம் 124 அலகு. வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 37,000-க்குச் சற்று மேல். பத்து வருடத்தில் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. இந்த எண்ணை வைத்துத்தான் ஜல்லி கனத்தை முடிவு செய்ய வேண்டும். கல் லோடு வண்டிகள் அதிகமென்றால் எடைமேடைச் சீட்டுகளை ஒரு வாரத்துக்குச் சேகரித்துப் பாருங்கள். ஊகித்துப் போட்ட கணக்கு கிட்டத்தட்ட எப்போதும் குறைவாகவே இருக்கும்.

அடுத்தது அடிமண். நான்கு நாள் நீரில் ஊறவைத்து எடுத்த சிபிஆர் (மண் எவ்வளவு சுமை தாங்கும் என்று காட்டும் சோதனை எண்) வேண்டும். காய்ந்த செம்மண்ணின் சிபிஆரைப் பார்த்து மகிழ்ந்து பயனில்லை. சிபிஆர் 5 வரை, அதை 10-ஆல் பெருக்கினால் அடிமண்ணின் மீள்தன்மை மெகாபாஸ்கலில் கிடைக்கும். சிபிஆர் 4 என்றால் 40. அதன்மேல் 450 மி.மீ. ஜிஎஸ்பி (அடித்தள ஜல்லி அடுக்கு), வெட் மிக்ஸ் (நீர் கலந்து விரித்து இறுக்கும் ஜல்லிக் கலவை) சேர்ந்து இருந்தால், 0.2 × 450-இன் 0.45 அடுக்கு × 40, சுமார் 125 மெகாபாஸ்கல். கிரிட் இந்த 125-ஐ எத்தனை மடங்காக்கும் என்பதுதான் ஐஆர்சி:எஸ்பி:59 பயன்படுத்தும் மேம்பாட்டுக் காரணி. 1.4 என்று வைத்தால் 175. ஆனால் அந்த 1.4 அந்தக் கிரிட்டையும் அந்த மாதிரி ஜல்லியையும் சேர்த்துச் சோதித்து வந்த எண்ணாக இருக்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொல்லும் எண்ணைக் கணக்கில் போட்டால், ரோடு ஜல்லிக் குறைவோடு பிறக்கும்.

தரத்தாளில் எதைப் பார்ப்பது

எல்லோரும் அறுபடும் பலத்தைப் பார்க்கிறார்கள். ரோட்டுக்கு அடியில் கிரிட் அறுபடும் நிலைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. அது வேலை செய்வது ஒரு சதவீதம் அல்லது அதற்கும் குறைவான நீட்சியில். ஆகவே 2 சதவீத நீட்சியில் மீட்டருக்கு எத்தனை கிலோநியூட்டன் என்பதே கேட்க வேண்டிய எண். முடிச்சு ஒட்டாமல், ஒரே தகட்டில் துளையிட்டு இழுத்த 30/30 (இரு திசையிலும் மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் பலம்) பாலிப்ரொப்பிலீன் கிரிட்டுகளில் இது 10 அருகே இருக்கும். நெய்து மேல்பூச்சு பூசிய பாலியஸ்டர் 30/30-இல் இதே எண் கணிசமாகக் குறைவாக இருக்கலாம். ஏஎஸ்டிஎம் டி6637 அல்லது ஐஎஸ்ஓ 10319 முறையில் இரு திசைக்கும் எடுத்த எண்ணைத் தாளில் கேளுங்கள்.

இரண்டாவது, முடிச்சின் பலம். ஜல்லி கிரிட்டின் கண்ணுக்குள் இறங்கி, குறுக்கு இழையை முட்டித்தான் சுமையைக் கொடுக்கிறது. குறுக்கு இழையிலிருந்து நீள இழைக்கு அது போவது முடிச்சு வழியாக. கையால் முறுக்கினாலே முடிச்சு நழுவும் வலை, எவ்வளவு பலமான இழை ஆனாலும், சாலைக்கு உதவாது.

மூன்றாவது, வலைக்கண். ஜல்லியில் பாதி எடை எந்த அளவுக்குக் கீழ் இருக்கிறதோ, கண் அதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. 85 சதவீதம் எந்த அளவுக்குக் கீழோ, அதன் இரு மடங்கைவிடப் பெரிதாகவும் கூடாது. வெட் மிக்ஸில் பாதி எடை சுமார் 11 மி.மீ.க்குக் கீழ், 85 சதவீதம் 30 மி.மீ. பக்கம். 35, 40 மி.மீ. கண் அதற்குப் பொருந்தும். சேலத்துக் குவாரிகளில் கிடைக்கும் சார்னோக்கைட் ஜல்லி கடினமானது, உடைத்த முகம் கூர்மையாக இருக்கும், கண்ணில் நன்றாகப் பூட்டிக்கொள்ளும். அதே கூர்மைதான் மெல்லிய இழையை வெட்டவும் செய்யும். காயத்துக்கான எண்ணை இந்த ஊர் ஜல்லிக்குக் குறைத்து வைக்க வேண்டாம்.

நான்காவது, மண்ணின் காரத்தன்மை. பாலியஸ்டர் பி.எச். 9-க்கு மேல் நீரால் சிதையும். சுண்ணாம்புக்கரடு பக்கம் மாக்னசைட் சுரங்கக் கழிவு கலந்த மண்ணை நிரப்புக்கு எடுத்தால் முதலில் பி.எச். பாருங்கள். கரிசல் திட்டுகளில் சுண்ணாம்போ சிமெண்டோ கலந்து மண்ணை உறுதிப்படுத்துகிறவர்கள் அதன்மேல் நேரடியாகப் பாலியஸ்டர் கிரிட் விரிப்பது பெரிய தவறு. அந்த அடுக்கின் பி.எச். 12 வரை போகும். அங்கே பாலிப்ரொப்பிலீன் விரியுங்கள்.

சூடான தார்க் கலவைக்கு அடியில் விரிக்கவென்றால் பாலிப்ரொப்பிலீன் வேண்டாம். அது 165 டிகிரி பக்கம் உருகும். கலவை வந்து விழுவதே 150-க்கு அருகில். அதற்குக் கண்ணாடி இழை அல்லது பாலியஸ்டர்.

விரிப்பு

அடிமண்ணில் வேர், கட்டை, துருத்தும் கல் எதுவும் இருக்கக் கூடாது. மேல் 500 மி.மீ.யை மாடிஃபைடு ப்ராக்டர் அடர்த்தியில் (ஆய்வகச் சோதனையில் கிடைக்கும் உச்ச அடர்த்தி) 97 சதவீதம் இறுக்கி, நீர் வடியும் சரிவு கொடுங்கள். சரிவு அடிமண்ணிலேயே இருக்க வேண்டும். தட்டையாக விட்டு மேலே ஜல்லியில் சரிவு கொடுத்தால், இறங்கும் நீர் கிரிட்டின் மட்டத்தில் தேங்கி நிற்கும்.

களி அதிகமான மண் என்றால் கிரிட்டுக்கு அடியில் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி கட்டாயம். கிரிட் ஜல்லியைப் பிடிக்கும், சேற்றைத் தடுக்காது. ஈர மண்ணில் ஒவ்வொரு சக்கரமும் சேற்றை மேலே உறிஞ்சி ஜல்லிக்குள் தள்ளும். ஜல்லியில் களி ஏறிவிட்டால் கற்களுக்கிடையே உராய்வு போய், கிரிட் பிடிக்க எதுவும் மிச்சமிருக்காது.

சுருளை ரோட்டின் நீளவாக்கில் விரியுங்கள். 4 மீட்டர் அகலச் சுருள் இரண்டைப் பக்கத்தில் போட்டு 300 மி.மீ. ஏறுமேல் (ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அகலம்) வைத்தால் 7.7 மீட்டர் கிடைக்கும். 7 மீட்டர் ரோட்டுக்கு இருபுறமும் 35 செ.மீ. வெளியே வரும், அது தேவைதான். 50 மீட்டர் சுருள் என்றால் 100 மீட்டர் ரோட்டுக்கு நான்கு சுருள் வாங்கியும் நுனி ஏறுமேலுக்காக 30 செ.மீ. குறையும்; ஒரு துண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சிபிஆர் 3-க்கு மேல் என்றால் ஏறுமேல் 300 மி.மீ., 1 முதல் 3 வரை 600, அதற்கும் கீழே 1 மீட்டர்.

எது மேலே, எது கீழே என்பது ஓடு வேய்கிற கணக்கு. ஓட்டில் நீர் எந்தத் திசையில் ஓடுமோ அதற்கேற்ப மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறும். இங்கே நீருக்குப் பதில் ஜல்லி. ஜல்லியை எந்தப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டு வருகிறீர்களோ, அந்தப் பக்கத்துச் சுருள்தான் மேலே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பிளேடு தள்ளும் கல் நுனியைத் தூக்கிச் சுருட்டிவிடும்.

இனி இழுத்துப் பிடிப்பது. இதில்தான் அதிகமான வேலை கெடுகிறது. ஒரு மீட்டர் நீளத்தில் நடுவே 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு நெளிவு நின்றால், அதில் ஒளிந்திருக்கும் கூடுதல் நீளம் ஏறக்குறைய 0.67 சதவீதம். கிரிட் வேலை செய்வதே ஒரு சதவீதத்துக்குள் என்று மேலே சொன்னோம். அந்த நெளிவு நிமிர்வதற்கே ஜல்லி பக்கவாட்டில் நகர்ந்து பள்ளம் விழுந்துவிடும். அதன் பிறகுதான் கிரிட் முதல் முறையாக இழுபடும். ஆகவே ஒரு நுனியை 8 மி.மீ. கம்பியில் செய்த 'ப' வடிவ ஆணிகளால் அடித்து, மறு நுனியை இரண்டு மூன்று பேர் சேர்ந்து இழுத்து, இழுத்த நிலையிலேயே ஆணி அடியுங்கள். சித்திரை வெயிலில் கறுப்புக் கிரிட் சூடேறி நெளியும்; காலையில் இழுத்து அடித்ததை நண்பகலுக்குள் மூடிவிடுவது நல்லது. சுருளைத் திறந்த வெயிலில் வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

கிரிட்டின் மேல் நேராக லாரியோ செயின் வண்டியோ ஏறக் கூடாது. ஏற்கெனவே கொட்டிய ஜல்லிமேல் லாரி பின்னால் வந்து கொட்ட வேண்டும். அங்கிருந்து பிளேடை உயர்த்திப் பிடித்து முன்னோக்கித் தள்ள வேண்டும். இறுகிய பின் 150 மி.மீ.க்குக் குறையாத ஜல்லி மூடிய பிறகே வண்டி ஓடலாம், அப்போதும் அதே இடத்தில் திருப்புவதும் சட்டென்று பிரேக் போடுவதும் வேண்டாம். முதல் இரண்டு ஓட்டம் அதிர்வு இல்லாமல் ரோலர், பிறகு அதிர்வு. அடிமண் நெகிழ்வாக இருந்தால் முதல் அடுக்குக்கு அதிர்வே வேண்டாம். சேறு துணியைத் தாண்டி மேலே வரும்.

வேலை நடக்கும்போதே தடம் விழுந்தால், பிளேடால் மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்புவார்கள். சீவிய இடத்தில் கிரிட்டின் மேல் இருக்கும் ஜல்லி மெலிந்துபோகும். வெளியிலிருந்து புது ஜல்லி கொண்டுவந்துதான் நிரப்ப வேண்டும்.

"கிரிட் கிழியாமல் இருக்க மேலே கொஞ்சம் டஸ்ட் போட்டுக்கலாம்" என்று மேஸ்திரிகள் சொல்வதுண்டு. அது குட்டைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்குச் சரி. கிரிட்டின் மேல் 3 செ.மீ. டஸ்ட் படிந்தால் கண்ணெல்லாம் அடைபட்டு, ஜல்லி பூட்டிக்கொள்ள இடமில்லாமல் மேலே சறுக்கும். கிரிட் கிழியாமல் இருக்கும், வேலையும் செய்யாது.

ஜல்லி மொத்தக் கனம் 350, 400 மி.மீ.க்குள் என்றால் ஒரு கிரிட்டை அடிமண்ணின் மேலேயே வையுங்கள். அதைவிடக் கனமென்றால் நடுவில் இன்னொன்று பயன் தரும். ஒன்றுதான் வாங்க முடியும், அடிமண் நல்ல செம்மண் என்றால், நடு மட்டத்துக்கு ஏற்றுங்கள்.

கொண்டை ஊசி வளைவில்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவில் லோடு வண்டி ஊர்ந்துதான் திரும்பும். வேகம் நான்கில் ஒன்றானால் சுமை ஒரு புள்ளியில் நிற்கும் நேரம் நான்கு மடங்கு. போதாததற்கு பின்சக்கரம் பக்கவாட்டில் அரைத்துக்கொண்டு வரும். மலையில் எஸ்டேட் ரோடு போடும்போதும் நேர்ப்பாதைக்கு எடுத்த கனத்தையே வளைவுக்கும் வைக்காமல், அங்கே ஜல்லியைக் கூட்டுங்கள்.

வளைவில் சுருளை வளைத்து விரிக்கவே முடியாது. உள்பக்கம் மடிப்பு விழும். 5, 6 மீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டி, விசிறி மாதிரி போட்டு, உள்விளிம்பில் ஏறுமேல் கூடட்டும் என்று விட்டுவிடுங்கள். வெளிவிளிம்பில் குறைந்தபட்ச ஏறுமேல் இருந்தால் போதும். இதில் வெட்டுச் சேதம் அதிகம் போகும், அதைக் கணக்கில் சேர்த்தே வாங்க வேண்டும்.

மலைப்பக்கம் வெட்டிய இடத்தில் ஊற்று கசியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பல வாரம் கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஓரம் வடிகால் இல்லாமல் கிரிட் விரிப்பது பணத்தைப் புதைப்பது. நீர் நிறைந்த ஜல்லியில் சக்கரம் ஏறும்போது நீரழுத்தம் கற்களைப் பிரித்துத் தூக்கும், பூட்டு விட்டுப்போகும். ஜிஎஸ்பி அடுக்கு வடிகால் வரை திறந்து முடிய வேண்டும், ஓரத்தை மண்ணால் மூடி அடைத்துவிடக் கூடாது.

பள்ளத்தாக்குப் பக்கம் மண்ணைக் கிரிட்டால் கட்டி நிறுத்தினால் அது சுவர் வேலை, உட்காரும் சுமை. அங்கே ஒற்றைத் திசைப் பாலியஸ்டர் அல்லது ஹெச்டிபிஇ கிரிட். பலமான திசை சுவர் முகத்துக்குச் செங்குத்தாக, மலையை நோக்கி ஓட வேண்டும். விரிக்கச் சுலபம் என்று சுவரின் நீளவாக்கில் உருட்டிவிட்டால் அந்தச் சுவருக்கு ஆதாரமே இல்லை. நீளம் உயரத்தில் 0.7 பங்குக்குக் குறையக் கூடாது, அடுக்கு இடைவெளி 800 மி.மீ. தாண்டக் கூடாது, முகத்திலிருந்து 1.5 மீட்டருக்குள் பெரிய ரோலர் வரக் கூடாது. அங்கேயே வெட்டிய செம்மண்ணை நிரப்பாமல், நுண்துகள் 15 சதவீதத்துக்குள் உள்ள, நீர் வடியும் நிரப்பைக் கொண்டுவாருங்கள். 2024 டிசம்பர் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் சரிவுகள் விழுந்தது நினைவிருக்கும். நீரைத் தேக்கும் நிரப்பு அந்த மாதிரி மழையில் தன் எடையையும் கூட்டிக்கொள்கிறது, பிடிமானத்தையும் இழக்கிறது.

தோண்டிப் பார்ப்பது, அளந்து பார்ப்பது

முதல் அடுக்கு இறுகியதும் ஓர் இடத்தில் ஒரு சதுர மீட்டர் தோண்டுங்கள், கடைசி 10 செ.மீ.யைக் கையால். இழைகளை எண்ணுங்கள்: எத்தனை அறுந்தது, எத்தனை முடிச்சு பிரிந்தது, கண்ணுக்குள் கல் உட்கார்ந்திருக்கிறதா. அந்தத் துண்டையும் புதுத் துண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பி இழுவைச் சோதனை செய்தால், புதியதன் பலத்தைத் தோண்டியதன் பலத்தால் வகுத்த எண்தான் உங்கள் ஜல்லியும் உங்கள் ரோலரும் செய்த உண்மையான காயம். 1.2 என்று கணக்கில் வைத்துவிட்டு இங்கே 1.5 வந்தால், அடுத்த பகுதிக்கு மூடும் கனத்தைக் கூட்டவோ கனமான கிரிட்டுக்கு மாறவோ இன்னும் நேரம் இருக்கிறது. வெட்டிய இடத்தில் நாலாபுறமும் ஏறுமேல் வைத்துப் புதுத் துண்டு போட்டு மூடுங்கள்.

ரோடு திறந்தபின் மாதம் ஒருமுறை 3 மீட்டர் நேர்க்கோல் வைத்து, குறித்து வைத்த அதே இடங்களில் தடத்தின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். உதாரணமாக முதல் மாதம் 6 மி.மீ., அடுத்த மாதம் 3, பிறகு 1 என்று கூடுதல் குறைந்துகொண்டே வந்தால் ஜல்லியும் கிரிட்டும் அடங்குகின்றன. மாதாமாதம் 3, 3, 3 என்று ஏறினால் ரோடு எல்லைக்கு மேல் சுமக்கிறது. ஐஆர்சி வைக்கும் 20 மி.மீ. எல்லை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் ஓர வடிகாலைத் திறந்து பாருங்கள், பிறகு எடைமேடைச் சீட்டைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் பள்ளம் ஏறினால், தடத்தில் ஓர் இடத்தில் தோண்டி ஜல்லியைக் கையில் எடுத்துப் பிசையுங்கள். விரலில் களி ஒட்டினால் சேறு மேலே வந்துவிட்டது. அந்த நீளத்தை எடுத்து, துணி விரித்து, கிரிட்டோடு மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை. ஜல்லி சுத்தமாக இருந்தால் மேலே 100 மி.மீ. வெட் மிக்ஸ் கூட்டி இறுக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.